மாத்திரையைக் காதால் கேட்க ஒரு பழைய மென்பொருள்



கட்டுரை திருத்தும்போது நம் சிவப்புப் பேனா அதிகம் ஓடுவது எங்கே? என் அனுபவத்தில் குறில் நெடில் பிழைகளில்தான். 'ஏரி' வர வேண்டிய இடத்தில் 'எரி'. 'பாடம்' என்று எழுத நினைத்தவர் 'படம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதே மாணவரை எழுப்பி மாத்திரை கேட்டுப் பாருங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தடங்காமல் ஒப்பிப்பார். கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, காதுக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை. ஆறாம் படிவத்தில் யாப்பு நடத்துகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். அசை பிரித்துச் சீர் பிரித்து வாய்பாடும் சரியாக எழுதும் மாணவர், அதே பாட்டை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் நாளிதழ்ச் செய்தி மாதிரி வாசிக்கிறார்.

இதற்கு நான் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த ஒரு கருவியைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். அது புதிய செயலி இல்லீங்க. 1980களில் வீட்டுக் கணினிகளில் இசை கோர்ப்பதற்காக எழுதப்பட்ட 'மிடி சீக்வென்சர்' என்ற மென்பொருள் வகை. இசை தெரியாதவரும் பயன்படுத்தலாம். எனக்கும் கீபோர்ட் வாசிக்கத் தெரியாது.

முதலில் மிடி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் இலக்கியத்தில் மிடி என்றால் வறுமை. இந்த மிடி வேறு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது மொழி இது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலிப்பதைச் செய்து காட்டினார்கள். இதற்கு முன்னின்றவர்கள் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காக்கெஹாஷியும். முப்பது ஆண்டு கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். மிடியில் ஒலி இல்லை, கட்டளைதான் இருக்கிறது. கேசட் ஒலியைப் பதிவு செய்யும். மிடியோ, '60ஆம் கட்டையை இந்த நேரத்தில் இவ்வளவு அழுத்தத்தோடு அழுத்து, இவ்வளவு நேரம் கழித்து விடு' என்பதை மட்டும் எண்களாகக் குறித்து வைக்கும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். அழுத்தத்துக்கும் 127 வரை எண். ஓலைச்சுவடியில் பாட்டு இருப்பது போலத்தான் இதுவும். சுவடியில் குரல் கிடையாது, பாடுவதற்கான குறிப்பு மட்டும் இருக்கும். யார் எடுத்துப் பாடுகிறாரோ அவர் குரலில் அது ஒலிக்கும்.

இந்தக் கட்டளைகளை வரிசையாகச் சேர்த்து வைத்து, திருத்தி, மறுபடி ஓடவிடுவதுதான் சீக்வென்சர். யமஹா நிறுவனம் 1984இல் சிஎக்ஸ்5எம் என்ற வீட்டுக் கணினியை இசைக்காகவே வெளியிட்டது. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியின் உடம்பிலேயே மிடி துளைகள் இருந்தன. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதால் இசைக்கூடங்கள் பல அதை வாங்கிப் போட்டன. டாஸ் கணினிகளுக்கு 1987இல் கேக்வாக், அட்டாரிக்கு 1989இல் கியூபேஸ் என்று மென்பொருள்கள் வந்தன.

நம் காதுக்கு இந்த வகை இசை வந்து சேர்ந்தது தமிழ்த் திரைப்படம் வழியாக. 1986இல் வெளிவந்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களுக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசை கோர்த்தார். அவருடைய குழுவில் அப்போது கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் திலீப், 1989இல் சென்னையில் தன் வீட்டை ஒட்டியே ஓர் ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொண்டார். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயரில் உலகம் அவரை அறிந்தது. அப்போது நான் கைக்குழந்தை. லெபோ பாசார் கேசட் கடைகளில் அந்தப் பாடல்கள் ஓடிய காலத்தை அண்ணன்மார் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

சரி, இன்றைக்கு எத்தனையோ புது மென்பொருள்கள் இருக்கும்போது பழசு எதுக்கு?

காரணம் அந்தக் காலத்துக் கணினிகளின் வறுமை. மிடிக்கும் மிடிக்கும் இங்கேதான் உறவு வருகிறது. அட்டாரி 520 எஸ்டியின் நினைவகம் 512 கிலோபைட். குறுந்தட்டுத் தரத்தில் ஒரே ஒரு நிமிட ஒலியை வைக்க ஏறக்குறைய 10 மெகாபைட் வேண்டும். ஆகவே ஒலியை உள்ளே வைக்க வழியில்லை. எண்களை மட்டும்தான் வைக்க முடிந்தது. திரையிலும் அந்த எண்களையே காட்டினார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வரி. எப்போது தொடங்குகிறது, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம். இதை 'நிகழ்வுப் பட்டியல்' என்பார்கள். புதிய மென்பொருள்கள் அலைவடிவங்களையும் வண்ணப் பெட்டிகளையும் காட்டி, இந்தப் பட்டியலை எங்கேயோ உள்ளே ஒளித்து வைத்துவிடுகின்றன. இசையமைப்பாளருக்கு அது வசதியாக இருக்கலாம். மாத்திரை கற்பிக்கும் நமக்குப் பட்டியல்தான் வேண்டும்.

எழுத்தை டிக்காக மாற்றுவது

சீக்வென்சர் நேரத்தை அளக்கும் சிறு அலகுக்கு 'டிக்' என்று பெயர். மிடி முறைப்படி ஒரு தட்டுக்கு 24 கடிகாரத் துடிப்பு. இந்த 24ஐ ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். குறில் 24, நெடில் 48, மெய் 12, அளபெடை 72 என்று வரும். மகரக்குறுக்கம் கால் மாத்திரை அல்லவா, அது 6. நம் இலக்கணத்தின் எல்லா அளவும் மிச்சமில்லாமல் இதற்குள் அடங்கிவிடுகிறது. மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அளவாகச் சொன்ன நம் இலக்கணக்காரர்கள், அந்த ஒரு நொடிப்பையே கால் காலாக நான்கு நிலையாகப் பகுத்தும் காட்டியிருக்கிறார்கள். விரலை நொடித்துக் காட்டி அந்த நான்கு நிலையையும் முதலில் விளக்கிவிடுங்கள். பிறகு டிக் என்றால் என்ன என்று மாணவருக்குச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் மென்பொருளில் ஒரு தட்டுக்கு 96, 120, 480 என்று வேறு எண் இருக்கலாம். பயப்படாதீங்க. எது இருக்கிறதோ அதையே ஒரு மாத்திரை என்று வையுங்கள். அதில் பாதி மெய், இரட்டித்தால் நெடில்.

பழைய சீக்வென்சர்களில் 'படிப்படியாகப் பதிதல்' என்று ஒரு முறை உண்டு. முதலில் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு ஒரு கட்டையைத் தட்ட வேண்டும். அது முடிந்ததும் அடுத்த எழுத்து. வேகமாக வாசிக்கத் தேவையில்லை. மாணவர் ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று 'இது குறிலா நெடிலா' என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். பாடமே இந்த நிற்பில்தான் நடக்கிறது.

ஊர்ப் பெயர்களில் தொடங்கலாம். கெடா: கெ ஒன்று, டா இரண்டு, ஆக மூன்று மாத்திரை, 72 டிக். ஜொகூர்: ஒன்று, இரண்டு, அரை, ஆக மூன்றரை, 84 டிக். ஈப்போ: இரண்டு, அரை, இரண்டு, ஆக நாலரை, 108 டிக். இப்போது பினாங்கைக் கொடுங்கள். பாதிக் குழுக்கள் 108 என்று கொண்டு வரும், மற்றவர்கள் 96 என்பார்கள். ஏன் என்று நீங்கள் விளக்காதீர்கள். இரண்டையும் ஈப்போவோடு சேர்த்து ஓடவிடுங்கள். 108 போட்டவர்களின் பினாங்கும் ஈப்போவும் ஒன்றாக முடியும். 96 போட்டவர்களின் பினாங்கு சற்று முன்னால் முடிந்துவிடும். அந்த 12 டிக் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அவர்களே பட்டியலில் தேடட்டும். கடைசி 'கு' மென்தொடர்க் குற்றியலுகரம், அரை மாத்திரைதான் என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். குற்றியலுகரம் பாடத்தை வெண்பலகையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அரை மாத்திரையை மாணவர் காதால் கேட்டது இப்படித்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இதற்குப் பியானோ ஒலியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பியானோ தட்டியதும் தேயத் தொடங்கிவிடும், நெடிலின் நீளம் காதுக்குத் தெளிவாக விழாது. கட்டையை விடும் வரை ஒரே அளவில் ஒலிக்கும் ஆர்கன் நல்லது. பொது மிடிப் பட்டியலில் அது 17ஆம் எண். 1991இல் வகுத்த அந்தப் பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. வீணையும் நாகசுரமும் இல்லை, மிருதங்கமும் இல்லை. மாணவர் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

சந்தத்தில் வரும் சிக்கல்

என்னை இந்தப் பழைய மென்பொருள்பால் இழுத்தது சந்தம்தான். 'தான', 'தத்த', 'தனன' என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தெண்ணி மாத்திரை போட்டால் தான 72 டிக், தனன 72 டிக், தத்த மட்டும் 60. ஆனால் சந்தப் பாடல்களில் குறிலோடு ஒற்று சேர்ந்தால் நெடிலைப் போல இரண்டு மாத்திரை பெறும். ஆகவே அங்கே மூன்றும் 72. அருணகிரிநாதரின் திருப்புகழை வாசிக்கும்போது நம் மாணவர் தடுமாறுவது இங்கேதான். இலக்கண வகுப்பில் படித்த கணக்கு ஒன்று, பாட்டு கேட்கும் கணக்கு இன்னொன்று. இரண்டும் சரிதான், அளக்கும் நோக்கம்தான் வேறு. இதைச் சொல்லால் விளக்கினால் குழப்பம்தான் கூடுகிறது. பட்டியலில் போட்டால் இப்படி வரும்.

தான: முதல் சுரம் 0இல் தொடங்கி 48 நீளம், அடுத்தது 48இல் தொடங்கி 24 நீளம்.
தத்த: முதல் சுரம் 0இல் தொடங்கி 24 நீளம், அடுத்தது 48இல் தொடங்கி 24 நீளம்.
தனன: 0, 24, 48 ஆகிய மூன்று இடங்களில் தொடங்கும் மூன்று சுரம், ஒவ்வொன்றும் 24 நீளம்.

முதல் இரண்டையும் உற்றுப் பாருங்கள். சுரங்கள் தொடங்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். முதல் சுரத்தின் நீளம் மட்டும்தான் வேறு. தானவில் குரல் இரண்டு மாத்திரையும் நீள்கிறது. தத்தவில் ஒரு மாத்திரை ஒலித்து நின்று, மிச்சம் அமைதி. வல்லின ஒற்று மூச்சை அடைத்து நிற்கும் இடம் அந்த 24 டிக் அமைதிதான். 'எப்போது தொடங்குகிறது' என்பதையும் 'எவ்வளவு நேரம் ஒலிக்கிறது' என்பதையும் சீக்வென்சர் தனித்தனி எண்களாக வைத்திருப்பதால்தான் இது கண்ணுக்குத் தெரிகிறது. 'தந்த' வேண்டுமென்றால் அந்த அமைதியில் அழுத்தம் குறைந்த ஒரு சுரத்தைச் செருகுங்கள். மற்றவற்றுக்கு 100 என்றால் இதற்கு 40. மூக்கொலி அங்கே முனகும். வல்லினம், மெல்லினம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அப்போது வேறு மாதிரி புரியும்.

மூன்று துண்டுகளையும் எட்டெட்டு முறை நகலெடுத்து ஒட்டி, வேகத்தை நிமிடத்துக்கு 120இல் தொடங்கி 200 வரை ஏற்றி ஓடவிட்டால் சந்தம் கிடைத்துவிடும். மாணவர் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த ஓட்டத்துக்கு அவர்களே சொற்களை வைத்துப் பார்க்கட்டும். சந்தத்துக்குச் சொல் வைக்கத் தொடங்கிய மாணவரிடம் குறில் நெடில் பிழையைச் சுட்டிக்காட்டத் தேவை வராது. நெடில் வேண்டிய இடத்தில் குறில் வைத்தால் அவர் வாயே தடுக்கும்.

இன்னொரு பயிற்சி. மாணவர் ஒருவர் செய்யுள் வரியை வாசித்துக்கொண்டே, எழுத்துக்கு ஒரு தட்டாகக் கட்டையைத் தட்டட்டும். மென்பொருள் அதை நேரடியாகப் பதியும். பட்டியலைத் திறந்து பாருங்கள். குறிலுக்கு 30, நெடிலுக்கு 36 என்று எண்கள் வந்தால், அவர் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கிறார் என்று பொருள். 'நெடிலை நீட்டிச் சொல்' என்று பத்து முறை சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் போதும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எண்களைத் தானாகவே நேர்ப்படுத்தும் வசதி ஒன்று எல்லாச் சீக்வென்சரிலும் உண்டு. 'குவாண்டைஸ்' என்பார்கள். இந்தப் பயிற்சியின்போது அதை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மாணவரின் பிழையை இயந்திரமே திருத்திவிடும். நல்ல வாசிப்பிலும் நெடில் சரியாக 48இல் வந்து நிற்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரை ஒப்பீட்டு அளவுதான். குறிலைவிட நெடில் தெளிவாக நீள வேண்டும், அவ்வளவே எதிர்பார்க்கலாம்.

இந்தக் கருவி செய்யாத வேலையும் உண்டு. தேவாரப் பண்ணை இதில் ஏற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள். மிடியின் கட்டைகள் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என்று நிலையாக நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்குத் தனிக் கட்டளை உண்டு, அதில் 16,384 படிநிலைகள்கூட உண்டு. ஆனால் ஒரு கமகத்தைக் கையால் வரைவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். வரைந்து முடித்தாலும் கேட்பதற்கு ஆர்மோனியம் போலத்தான் இருக்கும். அதற்கு ஓர் ஓதுவாரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவதே முறை. சீக்வென்சரைத் தாளத்துக்கும் அளவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்?

அசல் கணினியைத் தேடி அலைய வேண்டாம். லோரோங் கூலிட் சந்தையில் பழைய மின்பொருள்கள் கண்ணில் படும்தான். ஆனால் முப்பது ஆண்டுப் பழைய வட்டுச் செருகியைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கடினம். அட்டாரியைப் போல நடிக்கும் 'ஹத்தாரி', டாஸ் கணினியைப் போல நடிக்கும் 'டாஸ்பாக்ஸ்' இரண்டும் இலவசம். ஆனால் அவற்றில் ஓடும் பழைய மென்பொருள் பலவற்றுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது, பள்ளிக் கணினியில் ஏற்றுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது 'செகாய்ஜு'. ஜப்பானியர் ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்ட விண்டோஸ் மென்பொருள். பார்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் பழைய சீக்வென்சர் போலவே இருக்கும், நிகழ்வுப் பட்டியலும் உண்டு. மாணவரிடம் குரோம்புக்தான் இருக்கிறது என்றால், உலாவியிலேயே ஓடும் மிடித் தொகுப்பிகள் உள்ளன. பட்டியல் காட்டுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

நீங்கள் செய்யும் கோப்புகளை மிடி வடிவில் சேமியுங்கள். 1988இல் வகுத்த வடிவம் அது, இன்றைக்கும் எல்லா மென்பொருளும் திறக்கும். சில கிலோபைட்தான் வரும், புலனத்தில் அனுப்பிவிடலாம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். யூனிகோடுக்கு முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் தட்டச்சு செய்த நம் வினாத்தாள்களை இன்றைக்குத் திறந்தால், கட்டமும் புள்ளியுமாக வருகிறது. அதே ஆண்டுகளில் யாரோ ஒருவர் செய்த மிடிக் கோப்பு அப்படியே ஒலிக்கிறது. எந்தப் பள்ளியிலாவது பழைய வட்டுகளில் பள்ளிப்பாடல், கலைவிழாப் பாடல் இசை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிடி வடிவில் இருந்தால் நேரே திறக்கும். கேக்வாக்கின் சொந்த வடிவிலோ அட்டாரி மென்பொருள்களின் வடிவிலோ இருந்தால், நடிக்கும் கணினியில் அந்தந்த மென்பொருளிலேயே திறந்து மிடியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் பாடவேளைக்கு ஊர்ப் பெயர்களும் மாணவர் பெயர்களுமே போதும். 'என் பெயர் எத்தனை டிக்?' என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். ஐகாரம் உள்ள பெயர் வந்தால் மட்டும் தயாராக இருங்கள். சொல்லின் முதலில் வரும் ஐகாரக்குறுக்கத்துக்கு ஒன்றரை மாத்திரை, 36 டிக். இடையிலும் கடையிலும் வந்தால் ஒரு மாத்திரை, 24. கலைவாணி என்ற பெயரில் 'லை'க்கு 48 போட்டு ஒரு முறை, 24 போட்டு ஒரு முறை ஓடவிடுங்கள். தன்னைக் கூப்பிடுவது எந்த அளவில் என்று அந்தப் பெயர் கொண்ட மாணவியையே கேளுங்கள்.